கடல் கடந்த கைகள் – 9: சீட்டு இல்லாமல் புகார் சொல்லப் போனவர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஊத்தங்கரைக்குக் கிழக்கே இருக்கிறது சிங்காரப்பேட்டை. ஜவ்வாது மலையின் அடிவாரம். பாராமகாலிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் செங்கம் கணவாய்க்கு மேற்கு வாசல் இந்த ஊர்தான். 1767-இல் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் மோதிக்கொண்ட வட்டாரம். படைகள் போன வழியிலேயே பிழைப்புத் தேடிய சனங்களும் போனார்கள். இன்று இங்கே மேற்கே பஸ் ஏறுகிற இளைஞன் ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு நிற்கிறான். கொஞ்சம் துணிந்தவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறான். அவனுடைய கொள்ளுப்பாட்டன் காலத்தில் ஓசூரில் தொழிற்சாலை கிடையாது. மானம் பார்த்த பூமி, ஏரி, புளியமரம், கடன். அவ்வளவுதான்.

அப்போது ஊத்தங்கரை, சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19,66,995 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது 15,99,595 பேர். நடுவில் வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். செத்தவர் எத்தனை, ஊரை விட்டுப் போனவர் எத்தனை என்பதைப் பற்றிச் சென்ற இதழில் விரிவாகச் சொல்லியாகிவிட்டது. இந்த அத்தியாயம் அந்தப் பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னே போய், 1871-இல் சென்னைத் துறைமுகத்தில் தொடங்குகிறது.

அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்திலிருந்து இரண்டு கப்பல்கள் கூலிகளைத் திருப்பிக் கொண்டுவந்தன. ஒன்று 'ரெட் ரைடிங் ஹூட்', மற்றொன்று 'உம்வோட்டி'. இறங்கியவர்கள் பத்தாண்டுக்கு முன் போனவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் 342 பேரோடு வந்து நின்ற 'ட்ரூரோ' கப்பல்தான் நேட்டால் பயணத்தின் தொடக்கம். அது கிளம்பிய இடம் சென்னை. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடியர்' வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நேட்டால் துரைமார்கள் கேட்டார்கள். அங்கிருந்த ஜூலு மக்கள் அந்தக் கூலிக்கு அந்த வேலையைச் செய்ய ஒப்பவில்லை. சென்னை மாகாணம் ஆள் கொடுத்தது. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அதோடு அரிசி, பருப்பு, தங்க இடம். ஐந்தாண்டு முடிந்தால் ஒப்பந்தத்திலிருந்து விடுதலை. பத்தாண்டு இருந்தவருக்குத் திரும்பி வரக் கப்பல் கட்டணம் இனாம்.

பத்தாண்டு முடித்து, அந்த இனாம் பயணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் இவர்கள். வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கும். ஆனால் நேரே ஊருக்குப் போய்விடாமல் இவர்களில் பலர் சென்னையிலேயே ஓர் அதிகாரியின் முன் நின்று வாக்குமூலம் கொடுத்தார்கள்.

அந்த அதிகாரியின் பதவிக்குப் பெயர் குடிபெயர்வோர் பாதுகாவலர். மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதை ஒழுங்குபடுத்த 1840-களில் வந்த சட்டத்தில் பிறந்த பதவி அது. துறைமுகத்தில் இருந்துகொண்டு, கப்பலேறுகிறவர் விரும்பித்தான் போகிறாரா, ஒப்பந்தம் புரிந்ததா என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. போகிறவர்களைக் கேட்பதற்காக வைத்த ஆள். திரும்பி வந்தவர்கள் தாங்களாகவே அவரைத் தேடிப் போவார்கள் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அவர்கள் சொன்னது இதுதான். சவுக்கடி உண்டு. காய்ச்சலில் படுத்த நாளுக்கும் கூலியில் பிடித்தம். மாதக்கணக்கில் சம்பளம் நிற்கும். ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது 10 பவுண்டு வெகுமதி கிடைக்கும் என்று சென்னையில் ஆள் பிடித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நேட்டாலில் கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கே இந்தியர்களைக் கவனித்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார்; கூலி ஏஜெண்டு என்பது பதவிப் பெயர்; முதல் ஏஜெண்டு எட்மண்ட் டாதம். அவரிடம் புகார் சொல்லத் தோட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வரத் துரையின் சீட்டு வேண்டும். யார்மேல் புகாரோ அவரிடமே போய், உங்கள்மேல் புகார் சொல்லப் போகிறேன், ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டிய நிலைமை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடல் கடந்து போன தொழிலாளியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் காகிதத்தில் உரிமை இல்லாமல் இருந்த காலம் மிகக் குறைவு. கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எத்தனை படி அரிசி என்று எல்லாம் எழுதியிருந்தது. எழுதாமல் விட்டது ஒன்றுதான்: எழுதியது நடக்காவிட்டால் அந்த ஆள் எந்த வழியாக, யார் அனுமதியோடு, எந்த வாசலில் போய் நிற்பது? இந்தத் தொடரில் இனி வரும் எல்லாப் போராட்டத்துக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கும்.

1871-இல் திரும்பி வந்தவர்களுக்கு அந்த வழி தற்செயலாகக் கிடைத்தது. சென்னையில் அவர்கள் யாருடைய கூலியும் இல்லை. சீட்டு வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். அது கோட்டைக்குப் போனது. கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போனது. லண்டனிலிருந்து நேட்டாலின் தலைநகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போனது. 1866-இலிருந்து நேட்டாலில் பொருளாதார மந்தம். ஆள் எடுப்பது நின்றிருந்தது. இப்போது சர்க்கரை விலை தேறி, மறுபடியும் ஆள் வேண்டும் என்று தோட்டத் துரைமார்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். முதலில் இந்தப் புகாருக்குப் பதில் சொல்லுங்கள், பிறகு ஆள் அனுப்புவதைப் பார்க்கலாம் என்றது இந்திய அரசாங்கம். புகாரைவிட, இந்த நிபந்தனைதான் நேட்டாலை அசைத்தது என்று சொல்ல வேண்டும். ஆள் கிடைக்காது என்ற பயம் வந்த பிறகே 1872-இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அட்டர்னி ஜெனரல் கால்வேயும், இந்தியப் படையில் பணியாற்றிய லாயிட் என்ற அதிகாரியும் அதன் உறுப்பினர்கள்.

கமிஷன் எல்லாப் புகாரையும் ஏற்கவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் நிலைமை மோசமில்லை என்றே எழுதியது. ஆனாலும் சவுக்கடியும் கூலிப் பிடித்தமும் உண்மை என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு வந்த சட்டம், ஒப்பந்த மீறலுக்குச் சவுக்கடி தருவதை நீக்கியது. கூலி ஏஜெண்டு என்ற பதவியைப் பாதுகாவலர் என்று மாற்றியது. அந்தப் பதவிக்கு வருகிறவருக்கு இந்திய மொழி ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்றது. கமிஷனில் இருந்த லாயிடே பாதுகாவலர் ஆனார். 1874-இல் மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியது.

வாக்குமூலம் கொடுத்தவர்கள் அதற்குள் ஊர் சேர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் சிலை கிடையாது, பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ஒரு சட்டத்தையே மாற்ற வைத்தவர்கள் அவர்கள். அடுத்த கப்பலில் ஏறியவன் முதுகில் சவுக்கு விழாமல் இருந்தால், அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

1860-இலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களுடைய கப்பல் பதிவேடுகள் இன்றும் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஜில்லாப் பத்தியில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1860-களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் வரை ரயில் வந்துவிட்டது. ஊத்தங்கரைப் பக்கத்து ஆள், சாமல்பட்டி வரை நடந்தால் போதும். மறுநாள் சென்னையில் டிப்போவில் இருக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கும் ஆள் பிடிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. பஞ்சத்தைத் தணிக்கத் தானியம் கொண்டுவந்த தண்டவாளத்திலேயே ஆட்கள் வெளியே போனார்கள்.

தழும்பைக்கூட எழுதி வைத்த பதிவேடு அது. ஆள் ஓடிப்போனால் பிடித்துக் கொண்டுவர அடையாளம் வேண்டுமே.

பாதுகாவலர் வந்தும் நேட்டாலில் வெகுவாக ஒன்றும் மாறவில்லை. காரணம், அவர் உட்கார்ந்த இடம். 1874-இல் இந்தியக் குடியேற்ற டிரஸ்ட் போர்டு என்று ஒன்றை நேட்டால் ஏற்படுத்தியது. ஆள் எடுக்கிற செலவை அது பார்த்துக்கொண்டது. போர்டில் தோட்ட முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது. பாதுகாவலரும் அதே போர்டில் ஓர் உறுப்பினர். காலையில் துரைமார்களோடு உட்கார்ந்து இந்த வருஷம் எத்தனை கூலி தேவை என்று பேசிய மனிதர், மதியம் அதே துரையின்மேல் ஒரு கூலி சொல்லும் புகாரைக் கேட்க வேண்டும். அந்தப் பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நல்லவர் வந்தாலும் கை கட்டிப்போடுகிற ஏற்பாடு அது.

1891-இல் வந்த 25-ஆம் எண் சட்டம் இந்த ஏற்பாட்டை இன்னும் இறுக்கியது. ஒரு தோட்டத்தின் கூலிகள் எல்லோருமோ பலருமோ ஒன்றாகச் சேர்ந்து, அனுமதியில்லாமல் வேலையை விட்டுவிட்டுப் புகார் சொல்லப் போனால் அது குற்றம். அபராதமோ சிறையோ உண்டு. புகார் உண்மையாக இருந்தாலும் தண்டனை தண்டனைதான். சட்டத்தின் நோக்கம் வெளிப்படை. தனியாக ஒருவன் போனால் அவனை அடக்கிவிடலாம். இருபது பேர் சாட்சியோடு போனால் அடக்க முடியாது. ஆகவே இருபது பேராகப் போவதே குற்றம்.

இனி, தனியாகப் போன ஒருவரின் கதை.

1894-இல் டர்பனில் காந்தி வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய அலுவலகத்துக்குள் ஒரு தமிழர் வந்து நின்றார். துணி கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலி தலைப்பாகையோடு போகக் கூடாது என்பது அங்கே வழக்கம், அதே பழக்கத்தில் இந்திய வக்கீலின் முன்னும் அவர் கழற்றிவிட்டார். அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. கூச்சத்தோடு கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் மலர்ச்சி தெரிந்தது என்று காந்தி பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார். வந்தவர் பெயர் பாலசுந்தரம். டர்பனில் பேர்போன ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் இருந்தார். அந்த எஜமான் கோபத்தில் அடித்த அடி அது. காந்தியின் குமாஸ்தா தமிழர். அவர் வழியாகத்தான் பாலசுந்தரத்தின் பேச்சு காந்திக்குப் புரிந்தது.

முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார் காந்தி. அடுத்து நேரே மாஜிஸ்டிரேட்டிடம். பாலசுந்தரத்தின் வாக்குமூலத்தைப் படித்த மாஜிஸ்டிரேட் ஆத்திரப்பட்டு எஜமானுக்குச் சம்மன் அனுப்பினார். ஆனால் எஜமானுக்குத் தண்டனை வாங்கித் தருவதில் காந்திக்கு அக்கறை இல்லை. பாலசுந்தரத்தை அந்த வீட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது நிலைமை தெரிந்தது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் எஜமான் சிவில் வழக்குப் போடலாம். ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். பல் உடைந்த பிறகும் அவர் அந்த எஜமானுக்கே சொந்தம். வெளியே வர இரண்டே வழி: பாதுகாவலர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய வேண்டும் அல்லது வேறொருவருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் எஜமானே மனமுவந்து விட வேண்டும்.

காந்தி எஜமானைப் பார்த்தார், பாதுகாவலரைப் பார்த்தார். வேறு எஜமானை நீங்களே தேடித் தந்தால் மாற்றலாம் என்று பாதுகாவலர் சொன்னார். தேடிப் பிடித்தார் காந்தி. பாலசுந்தரம் மாறிப் போனார். சட்டத்தின் கண்ணில் அது ஒரு சரக்குக் கைமாறியது போலத்தான். ஆனாலும் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது, சென்னை வரைக்கும் போனது. ஒப்பந்தக் கூலிகள் ஒருவர் பின் ஒருவராகக் காந்தியின் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். சட்டம் ஏற்படுத்திய பாதுகாவலரின் வாசலைவிடச் சட்டம் ஏற்படுத்தாத ஒரு வாசல் அவர்களுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

பாலசுந்தரம் அந்த வாசல் வரை எப்படி வந்து சேர்ந்தார் என்பதை வரலாறு அவ்வளவாகப் பேசுவதில்லை. வாயில் ரத்தத்தோடு டர்பன் தெருவில் நடந்து வந்த ஒவ்வொரு அடியிலும் யாராவது ஒரு போலீஸ்காரன், சீட்டு எங்கே என்று கேட்டிருக்கலாம். காந்தியின் புகழில் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். துணிச்சல் முதலில் பாலசுந்தரத்துடையது.

அடுத்த ஆண்டே நேட்டால் வேறொரு பூட்டைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் இருப்பவர் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். முதலில் நேட்டால் கேட்டது 25 பவுண்டு; வைஸ்ராய் எல்ஜின் 3 பவுண்டுக்கு ஒப்புதல் கொடுத்தார். குறைத்துக் கொடுத்ததுபோலத் தோன்றும். மாதம் 10 ஷில்லிங் கூலிக்கு வந்தவருக்கு 3 பவுண்டு என்பது ஆறு மாத உழைப்பு. பின்னால் இந்த வரி பிள்ளைகள்மேலும் விழுந்தது. பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் கட்ட வேண்டும். புருஷன், மனைவி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் 12 பவுண்டுக்கு எங்கே போகும்? மறுபடியும் தோட்டத்துக்கே போய் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். வரி வசூலாவதைவிட அதுதான் துரைமார்களுக்குத் தேவை.

இந்தியாவில் கோகலே 1910 பிப்ரவரியில் வைஸ்ராயின் சட்டசபையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். 1911 ஜூலையிலிருந்து கப்பல் நின்றது. ஆனால் ஏற்கனவே போனவர்கள் கழுத்தில் 3 பவுண்டு தொங்கிக்கொண்டிருந்தது. 1912-இல் கோகலே தென்னாப்பிரிக்காவுக்கே போய் மந்திரிகளைச் சந்தித்தார். வரி போய்விடும் என்ற உறுதிமொழியோடு திரும்பினார். உறுதிமொழி நிறைவேறவில்லை.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் வந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழச்சிகள். சத்தியாகிரகி தம்பி நாயுடுவின் மனைவி அவர்களில் ஒருவர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், 3 பவுண்டு வரி போகும் வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். பெண்கள் பிடிபட்டு மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குக் கடுங்காவலில் போனார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. நவம்பர் 6-ஆம் தேதி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், 127 பெண்களும் 57 குழந்தைகளும் உட்பட, டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள்.

சத்தியாகிரகத்தின் வரலாறாக இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இந்தத் தொடரின் பார்வையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கூட்டமாகப் புகார் சொல்லப் போவது குற்றம் என்று 1891-இல் சட்டம் எழுதியவர்களுக்கு, இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் குற்றத்தையே ஆயிரக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் நடுரோட்டில் செய்து காட்டினார்கள். ஒருவர் கையிலும் சீட்டு இல்லை. சுரங்கத்திலிருந்து வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அங்கே யாரும் போய் அழைக்காமலே கூலிகள் வெளியே வந்தார்கள். அரசாங்கத்துக்கு ஜெயிலில் இடம் போதவில்லை. சுரங்கக் குடியிருப்புகளையே ஜெயில் என்று அறிவித்து, சுரங்கத்து வெள்ளைக்கார மேஸ்திரிகளையே வார்டர்கள் ஆக்கி, அடித்து உள்ளே இறக்கினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

நவம்பர் 24-ஆம் தேதி வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சென்னையில் பேசினார். தென்னாப்பிரிக்க அரசாங்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இந்தியர்களின் எதிர்ப்பில் நியாயம் உண்டு என்று ஒரு வைஸ்ராய் வாயாலேயே வந்தது லண்டனில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. 1871-இல் கூலிகளின் வாக்குமூலம் எழுதப்பட்ட ஊரில்தான் அவர் பேசினார். சென்னை மாகாணத்தின் ஒவ்வொரு ஜில்லாவிலும் நேட்டாலில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் இருந்தன. கொந்தளிப்பு அவருக்கு எட்டாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 1914-இல், இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி போயிற்று. அதைப் பார்க்க, போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை இல்லை. பதினாறு வயது. ஜெயிலில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, பிப்ரவரி 22-ஆம் தேதி கண்ணை மூடினாள். 1917-இல் இந்தியாவிலிருந்து எந்த நாட்டுக்கும் ஒப்பந்தக் கூலியாக ஆள் எடுப்பது நின்றது.

குடிபெயர்வோர் பாதுகாவலர் பதவி மட்டும் நிற்கவில்லை. 1922 சட்டத்தில் இருந்தது. இப்போது அமலில் உள்ள 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலும் இருக்கிறது. சென்னையில் அந்த அலுவலகம் இன்றும் நடக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காத ஒருவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அந்தப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் பார்க்கப்படும், காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கப்படும், ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்கப்படும். ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சபட்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றும் ஆள் எடுக்கிறது.

இவ்வளவும் இருக்க, விசிட் விசாவில் ஏற்றிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குப் பாதுகாவலரின் அனுமதி தேவையில்லை. ஆகவே ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, பதிவும் இல்லை. இறங்கியதும் பாஸ்போர்ட் முதலாளி கைக்குப் போய்விடுகிறது. வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில் தொழிலாளியின் விசா முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. சவூதியில், சம்பளம் வரவில்லை என்று ஒருவர் வேலையிடத்தை விட்டு வெளியேறித் தூதரகத்துக்குப் போனால், ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி பதிவு செய்துவிடலாம்; 'ஹுரூப்' என்று வளைகுடாத் தமிழர் வாயில் அடிபடும் சொல் அது. பதிவான பிறகு தொழிலாளி சட்டவிரோதி ஆகிவிடலாம். பிடிபட்டால் காவல், பிறகு நாடு கடத்தல். நேட்டாலின் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மாற்றங்களும் வந்திருக்கின்றன. கத்தார் 2020-இல், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் திருத்தியது. சவூதி 2021 மார்ச்சில் தனியார் துறையில் சில தளர்வுகள் செய்தது. வீட்டுவேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை. நான்கு சுவருக்குள் தனியாக வேலை செய்யும் பெண்ணுக்குத்தான் வெளியே வர வழி மிகக் குறைவு, அவரைத்தான் விட்டுவிட்டார்கள். புலம்பெயர் தொழிலாளர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1990-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2003-இல் அமலுக்கு வந்தது. இலங்கை அதை ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் கையெழுத்திடவில்லை. வளைகுடா நாடுகளும் இல்லை.

இந்தியாவின் 1983 சட்டத்திலேயே பழசாகிப்போன பகுதிகள் உண்டு. ஆயிரக்கணக்கான ரூபாயை ஏமாற்றும் போலி ஏஜெண்டுக்கு அது விதிக்கும் உச்சபட்ச அபராதம் 2,000 ரூபாய். சிறை இரண்டாண்டு வரை. இந்தச் சட்டத்தை மாற்ற 2019-இலும் 2021-இலும் வரைவு மசோதாக்கள் வந்தன, சட்டம் ஆகவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது. இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று பிரிவு சொல்கிறது. அதற்கடுத்து, பாதிக்கப்பட்ட தொழிலாளியே புகார் கொடுத்தால் அந்த அனுமதி வேண்டாம் என்கிறது. அவர் சார்பில் தகப்பன், தாய், புருஷன், மனைவி, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறது. தம்மாமில் அறைக்குள் அடைபட்டிருப்பவரின் மனைவி ஊத்தங்கரையிலிருந்து புகார் கொடுக்கலாம். அவருக்குச் சீட்டு எழுதித்தர ஒரு துரை தேவையில்லை.

அப்படிக் கொடுக்கக் கையில் காகிதம் இருக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஏஜெண்டிடம் பணமாகக் கொடுத்ததற்கு ரசீது இருக்காது. ஏஜெண்டின் பதிவு எண் தெரியாது. ஒப்பந்தத்தின் நகல் போனவரின் பெட்டியிலேயே போய்விட்டிருக்கும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ரசீது ஆகியவற்றின் நகலும், முதலாளியின் முகவரியும் ஒரு செட் வீட்டில் இருந்தால், பிறகு தூதரகத்துக்கோ பாதுகாவலர் அலுவலகத்துக்கோ சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கோ எழுதும் கடிதத்துக்கு எடை கூடும். நேட்டாலுக்குப் போனவரின் தகப்பன் பெயரும் கிராமமும் தழும்பும் துரைமார்களின் பதிவேட்டில் இருந்தன. ஒப்பந்தத்தின் ஒரு நகல்கூட அவர் வீட்டில் இல்லை.

(அடுத்த இதழில்: இலங்கைத் தோட்டங்களில் ஒரு கூட்டத்தின் கடனையே கைமாற்றிய 'துண்டு', 1921-இல் அதை ஒழித்த சட்டம், துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த கோ. நடேசய்யர்.)